மகன் தட்டி எடுத்த இஞ்சின்: மதுரையிலிருந்து போடிக்கு

மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி வந்து, டவுன் பஸ் மாறி மதுரை ரயிலடியில் இறங்கியபோது மணி ஏழரை. போடி ரயில் எட்டு மணிக்கு மேல்தான். தொண்ணூறு கிலோமீட்டர் தூரம். போடியில் எனக்கு வேலையும் இல்லை, உறவும் இல்லை. ரயிலை இழுக்கிற இஞ்சினைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

என் மகன் முருகேசனுக்கு நாக்பூர்ப் பக்கம் இஞ்சின் ஷெட்டில் வேலை. ஊருக்கு மாறுதல் கேட்டு எழுதிப் போட்டு வருஷக்கணக்காகிறது. அங்கே ஓடிப் பழசான கரெண்டு இஞ்சின்களை இந்தப் பக்கம் அனுப்புகிறார்களாம். அவன் கைபட்ட ஒன்று போடி லைனில் ஓடுகிறதாம். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் போனில் அடையாளம் சொன்னான்: “மூஞ்சி ஓரத்துல நசுங்கியிருந்துச்சும்மா. நாந்தான் தட்டி எடுத்து பெயிண்ட் அடிச்சேன். அந்த எடம் மட்டும் கருஞ்செவப்பா இருக்கும்.”

கூட வந்தவள் என் நாத்தனார் பேச்சி. பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்துபோய் இஞ்சினைப் பார்த்தோம். முகம் முழுக்க ஒரே சிவப்பு.

“நல்லாப் பாரு மதினி.”

“பாத்துட்டேன்டி. இது எவ பெத்த புள்ள தொட்டதோ.”

“அப்ப வீட்டுக்குப் போவமா?”

டிக்கெட் எடுத்தாயிற்று, புளிச்சோறும் கட்டியாயிற்று. கடைசிப் பெட்டியில் ஏறிக்கொண்டோம். உசிலம்பட்டியில் ஏறின ஒருத்தி கொய்யாப்பழம் கொடுத்துவிட்டு மருமகளைப் பற்றி ஆண்டிபட்டி வரைக்கும் பேசினாள். நல்ல மருமகள் போலத்தான் தெரிந்தது. கணவாயில் மலையை வெட்டித் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். பாறை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வருகிறது. என் கண் எதிலும் நிற்கவில்லை.

பத்தரைக்குப் போடி. பிளாட்பாரத்தில் கடைசிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சோற்றைப் பிரித்தோம். அதற்கு மேல் லைன் இல்லை. அதனால் இஞ்சினைக் கழற்றி, அடுத்த தண்டவாளம் வழியாகக் கொண்டுவந்து எங்கள் பக்கம் மாட்டினார்கள். வரும்போது பெட்டியை ஒட்டி மறைந்திருந்த மறுமுகம் இப்போது வெளியே தெரிந்தது. ஓரத்தில் ஒரு முறம் அகலத்துக்குக் கருஞ்சிவப்பு!

சோற்றுக்கையோடு ஓடினேன்.

“அப்பத்தா, எங்க ஓடுறீக?” என்று டிரைவர் தலையை நீட்டினார்.

“இதுக்கு ரெண்டு மூஞ்சியாப்பா?”

“ஆமா அப்பத்தா. ரெண்டு பக்கமும் உக்காந்து ஓட்டலாம். திருப்ப வேண்டியதில்ல.”

“பஸ்ஸுக்கெல்லாம் ஒண்ணுதான இருக்கு?”

அவர் சிரித்தார். மகன் கதையைச் சொன்னதும், “ஓரமா நின்னு தொட்டுக்கங்க. கீழ மட்டும் எறங்கிராதீக,” என்றார்.

முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தேன். சூடாக இருந்தது. உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது; உள்ளங்கை அதிர்ந்தது. அவன் தட்டின இடம் துளிகூட மேடு பள்ளம் இல்லை. ஆறு வயதில் என் ஈயச் சட்டியைத் தட்டி ஓட்டை போட்டவன்.

“மதினி, போதும். எல்லாரும் பாக்காக,” என்றாள் பேச்சி. அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

ராத்திரி போன் போட்டான்.

“பாத்தியாம்மா? எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குடா. நம்ம ஊரு வெயிலு ஒத்துக்கிருச்சு.”

“அதுக்கு மாறுதல் கெடச்சிருச்சு, பாத்தியா?” என்று சிரித்தான். “இன்னும் ரெண்டு பழைய இஞ்சின் அங்கிட்டு அனுப்புறாகம்மா. அடையாளம் சொல்றேன், போயிப் பாரு.”

“அடையாளம் வேணாம்,” என்றேன். “நீ வந்து காட்டு.”