பாதி உயரமும் முழு இடுப்பும்

இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் பிள்ளைகள் நம்மைத் தையல்காரி என்றுதான் நினைக்கும். இடுப்பைச் சுற்றப் போகும்போதுதான் போலீஸைக் கண்டதுபோல் ஓடும். நான் கொல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வீடு வீடாகப் புடவை விற்று, பத்துப் பேரிடம் ஏமாந்து, பதினோராவது ஆளிடம் சண்டை போடக் கற்றவள். இப்போது ஒரு டாக்டரம்மாவுக்காக இந்த ஊர்ப் பள்ளிகளில் அளவெடுக்கிறேன். விதி ஒன்றுதான்: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டினால், பிள்ளையை ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். கேட்க எளிது. வீட்டில் வயசுப் பிள்ளை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததா, அதுகளை ஓர் இடத்தில் நிற்கவைப்பது என்ன பாடு என்று!

மூச்சு

சால்ட் லேக் பேட்டைப் பையன் ஒருவன். டேப்பைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சிலையாகிவிட்டான். முகம் சிவக்கிறது, விடுவதாக இல்லை. எனக்கா அவசரம்? "வீடு எங்கேப்பா?" என்றேன். சால்ட் லேக் விலாசம் லேசில் முடியாது: செக்டர், பிளாக், வீட்டு நம்பர், எந்தத் தண்ணி டாங்க், அதிலிருந்து எந்தப் பக்கம். டாங்க் வரை தாக்குப்பிடித்தான். அப்புறம் புஸ்ஸென்று விட்டான். நான் டேப்பைப் பிடித்துவிட்டேன்.

"வழி கேக்கற மாதிரி கேட்டு வயித்தை வெளியில வாங்கிட்டீங்களே ஆன்ட்டி!" என்றான்.

பூஜா வயிறு

துர்கா பூஜை விடுமுறை முடிந்த கையோடு ஒரு பள்ளி. மகனுடன் வந்திருந்த வங்காளி அம்மா, நான் அளவைச் சொன்னதும் "ரெண்டு இஞ்சு குறைச்சுப் போடுங்க தீதி" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார். கரியாஹாட் கடைத்தெருவில் பாதி விலையிலிருந்து பேரத்தை ஆரம்பிக்கிறவள் நான், என்னிடமேயா? "தைக்கிற பேண்ட்டா இது, குறைக்க?" என்று சீறினேன். அவர் அசரவில்லை. ஒரு இஞ்சுக்கு இறங்கினார். பிறகு அரைக்கு. பையன் கூச்சத்தில் நெளிந்தான். எனக்கோ கோபத்துக்கு நடுவில் சிரிப்பு.

"இது அஞ்சு நாள் விருந்து தின்ன பூஜா வயிறு தீதி, பையனோட வயிறு இல்லை. தீபாவளிக்கு வர்ற காளி பூஜைக்குள்ள இறங்கிடும், அப்ப வந்து அளங்க!"

ஸ்கோர்

லேக் கார்டன்ஸ் பக்கம் ஒரு பள்ளியில் வராந்தாவில் வைத்து அளந்தோம். நான் டேப்பைப் பிடிக்க, பி.டி. சார் எட்டிப் பார்த்து, வராந்தாக் கடைசியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த டீச்சருக்குக் கேட்கும்படி அளவைக் கூவினார். ஜனனி முறை வந்தது. ஒன்பதாம் வகுப்பு, நம் தமிழ்ப் பெண், அப்பா பேங்க் ஆபீசர். சார் அவள் இடுப்பளவைக் கூவினார். வரிசையில் சிரிப்பு. அவள் உயரம் அளக்கக்கூட நிற்கவில்லை; பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

வெள்ளிக்கிழமை அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் தமிழ், வங்காளம், இந்தி மூன்றும் கலந்து வந்தன. சார் நல்ல மனிதர்தான். என் கத்தல் எதற்கென்றே அவருக்குப் புரியவில்லை.

"சத்தமாச் சொன்னாத்தானே மேடம் ஸ்கோரர் எழுதுவார்?" என்றார்.

இரண்டு அறை

நேராக ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனேன். "இனி வராந்தாவுல அளக்கமாட்டேன். கதவுள்ள அறை ரெண்டு வேணும்" என்றேன். இல்லை என்றார். "அப்படின்னா நான் கிளம்பறேன்" என்று எழுந்தேன். வாசல்வரை போனால் கூப்பிடுவார்கள் என்பது கடைத்தெருப் பாடம். கூப்பிட்டார். சரஸ்வதி பூஜைச் சாமான்கள் அடுக்கியிருந்த சின்ன அறை ஒன்று கிடைத்தது. ஜெயித்த பெருமையோடு சாவிக்குக் கை நீட்டினேன்.

"ரெண்டு கேக்கும்போதே தெரியும், நீங்க ஒண்ணுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு" என்றார் அந்த அம்மாள்.

நூல்

அன்று சாயங்காலமே ஜனனி வீட்டுக்குப் போனேன். "ஸ்கூல்னாலே அழறா. இந்த வருஷப் படிப்பே போயிடுமோன்னு பயமா இருக்கு" என்றார் அவள் அம்மா. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல், முதலில் வங்காளத்தில், பிறகு எனக்காகத் தமிழில்: "வரமாட்டேன்!"

நான் கதவிடம் பேசினேன். "டேப் வேண்டாம்மா. நம்பரே கிடையாது. உன் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டித் தரேன். அதை ரெண்டா மடிச்சு நீயே இடுப்பைச் சுத்திப் பாரு. முனை ரெண்டும் சேர்ந்தா சரி, சேரலைன்னா டாக்டர். ஸ்கூல்ல தனி அறை இருக்கு, கதவு சாத்தியிருக்கும், நான் வெளியில நிப்பேன்."

திங்கட்கிழமை வந்தாள். எல்லோரும் அளந்துவிட்டுப் போன பிறகு, கடைசியாக. அந்தச் சின்ன அறை வாசலில் சுவரோரம் நிற்கவைத்து நூலை வெட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். ரொம்ப நேரமாகியும் கதவு திறக்கவில்லை. தட்டலாமா என்று இரண்டு தரம் கை போனது. அடக்கிக்கொண்டேன், அதுவே எனக்குப் பெரிய காரியம். வெளியே வந்தபோது நூலை விரலில் சுற்றியிருந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பை தோளில் இருந்தது, வகுப்புக்குப் போகிற பக்கமாகத்தான் திரும்பி நின்றாள்.

"சேரலை ஆன்ட்டி. டாக்டர்கிட்ட போறேன். அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க நல்லது சொன்னாலும் சண்டை மாதிரியே இருக்கு."

இந்தத் தொழிலில் இடுப்பை அளப்பது ஒரு நிமிட வேலை. எங்கே நின்று அளப்பது என்பதற்குத்தான் வாரக்கணக்கில் சண்டை போட வேண்டியிருக்கிறது.