முருங்கைச் சாறும் ராமலிங்கண்ணன் பிரஷரும்

மூலிகைச் சாறு வியாபாரத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கணும்: குடிக்கிறவன் முகம் கோணணும், இல்லன்னா மருந்துன்னு நம்ப மாட்டான். புதுச்சேரி பீச்சுல காலையில வாக்கிங் வர்றவங்களுக்கு முருங்கையிலைச் சாறு விக்கிறேன். உங்கள்ல பல பேர் மாதிரி நானும் பிரஷர்காரன்தான், அதனால கூச்சப்படாம சொல்றேன்.

தேன்

ஒரு நாள் பாவம் பார்த்து சாறுல தேன் கலந்தேன். தினம் வர்ற ரிட்டயர்டு வாத்தியார் ஒரு வாய் குடிச்சிட்டு டம்ளரை வெச்சிட்டார். "இனிச்சா அது மருந்தாய்யா? நாளைக்குப் பழையபடி குடு."

மிஷின்

ஆளுங்க நம்பணுமேன்னு பிரஷர் பார்க்கிற மிஷின் ஒண்ணு வாங்கி வண்டியில வெச்சேன். மூடிப்போன மில்லுல வேலை பார்த்த ராமலிங்கண்ணன் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து கையை நீட்டுவார். நூத்தி எழுபதுக்கு மேல காட்டும். சாறு குடிச்சிட்டு, கட்டைச் சுவர்ல காத்தாடக் கால் மணி நேரம் உட்கார்ந்துட்டு மறுபடி பார்ப்பார். இறங்கியிருக்கும்.

அப்படி உட்கார்ந்தா, சாறு குடிக்கலன்னாலும் கொஞ்சம் இறங்கும். எனக்கு அது தெரியும். வாயத் தொறக்கல. சுத்தி நிக்கிறவங்க ஆளுக்கொரு டம்ளர் கேக்குறாங்களே. வெக்கத்த விட்டுச் சொல்றேன், ஒரு நாள் அவர் சொன்னதக் கேட்டு எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு: "மாத்திரைய நிறுத்திட்டேன் தம்பி. இனிமே நீதான் டாக்டரு."

ரெண்டு டம்ளர்

நாலு மாசம் போச்சு. திடீர்னு ஒரு வாரமா அவரைக் காணோம். அப்புறம் அவர் சம்சாரம் சாறு வாங்கக் கையில காலி பாட்டிலோட வந்தாங்க. வலது கையும் காலும் விழுந்துடுச்சு, பெரியாஸ்பத்திரியில கெடக்காருன்னாங்க. "மாத்திரைய நிறுத்துனதாலதான் அண்ணி இருக்கும். டாக்டர் குடுக்கிறத மட்டும் குடுங்க, இந்தச் சாறு வேணாம்"னேன். அவங்க காதுலயே போட்டுக்கல. பாட்டிலை நீட்டிக்கிட்டே நின்னாங்க. "தினம் ஒண்ணு பத்தலன்னு வருத்தப்படுறாருப்பா. ரெண்டா ஊத்து."

என் மாத்திரை

அஞ்சு வருஷமா நான் பிரஷர் மாத்திரைய வீட்டுலயே முழுங்கிட்டுத்தான் வண்டியத் தள்ளிக்கிட்டு வர்றேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தம்மா வந்துட்டுப் போன மறுநாள் வண்டியிலேர்ந்து மிஷினை எடுத்துட்டேன். வண்டி முன்னாடி நின்னு, எல்லாரும் பார்க்க மாத்திரைய முழுங்கினேன். வாத்தியார் டம்ளரைக் கீழ வெச்சார். "நீயே மாத்திரை போடுறியா? அப்புறம் உன் சாறு எதுக்குய்யா?"

இந்தக் கேள்விய யாரும் கேட்டுடக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷம் வீட்டுலயே முழுங்கினேன். ராமலிங்கண்ணனும் கேக்கவே இல்ல.