கறைக்காரரின் நாற்பது நாள்

சலவைக்கடையில் அவருக்குக் கறை எடுக்கிற வேலை. மையா, துருவா, எண்ணெயா என்று துணியை முகர்ந்தே சொல்லிவிடுவார். ‘கறைக்காரர்’ என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். சூஃபி சபைக்குப் போக ஆரம்பித்தவர் அங்கே ஒன்றைக் கேள்விப்பட்டார். ஒவ்வொரு பாவமும் உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி வைக்கிறது, வைப்பது நஃப்ஸ் என்கிற ‘நான்’ என்றார் சபையின் குருவான ஷெய்கு. ஊர்ச் சட்டையெல்லாம் வெளுத்த கைக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டார் மனிதர்.

மாடியறையில் நாற்பது நாள் இறைவன் பெயரைச் சொல்லித் தனித்திருக்க லீவு போட்டார். சாயங்காலம் ஒருவேளைச் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட வேண்டும் என்று மனைவிக்கு உத்தரவு. இத்தனை வருஷம் மட்டும் என்னோடு என்ன பேசிக் கிழித்தீர்கள் என்று அவள் சிரித்தாள்.

ஷெய்கு ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தார். நஃப்ஸ் சும்மா விடாது, உனக்கு ரொம்பப் பிடித்த குரலிலேயே வந்து கூப்பிடும்.

முப்பத்தேழாம் நாள் மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள்.

“என்னங்க, தலை கிறுகிறுன்னு வருது. கொஞ்சம் கதவத் திறங்க.”

வந்துவிட்டது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். மறுபடி கூப்பிட்டபோது குரல் குழறியது. பாசாங்கைப் பார் என்று இறைவன் பெயரை இன்னும் வேகமாகச் சொன்னார். பிறகு சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று உள்ளே தித்தித்தது. அப்படியொரு சந்தோஷத்தை அவர் அதுவரை அறிந்ததில்லை.

சாயங்காலம் தட்டு வரவில்லை. பசி பொறுக்காமல்தான் கதவைத் திறந்தார், பாவி மனிதர். வாசலிலேயே கிடந்தாள். மத்தியானமே கொண்டுவந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். கை, கால், பேச்சு எல்லாம் போய் உயிர் மட்டும் மிஞ்சியது.

பார்க்க வந்த ஷெய்குவிடம் கறைக்காரர் அந்தத் தித்திப்பு வரை எல்லாவற்றையும் சொன்னார். குரலைப் பற்றிச் சொன்னேன், அந்தத் தித்திப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே, அதுதானப்பா நஃப்ஸ் என்று ஷெய்கு அழுதார். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

கறைக்காரர் வேலையை விட்டுவிட்டார். குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது என்று ஏழு மாதம் ஓடியது. ஒருநாள் அவர் ஊட்டிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு அம்மா வந்து நின்றாள்.

“உங்கள மாதிரி ஒரு மனுஷன நான் பார்த்ததில்லண்ணே.”

உள்ளே தித்தித்தது. அதே தித்திப்பு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த அம்மா போனதும் மனைவியின் காதருகே குனிந்தார்.

“அந்த ‘நான்’ இன்னும் சாகலம்மா. உனக்கு ஊட்டுறதையும் அதுதான் தின்னுக்கிட்டிருக்கு.”

அவளால் அசைக்க முடிந்தது முகம் ஒன்றைத்தான். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.