சூரனுக்கு ஒரு காக்கை

அந்த ஆண்டு ஆடி அமாவாசை ஒரு சனிக்கிழமையில் விழுந்தது. சிங்கப்பூரின் தேசிய தினக் கொண்டாட்டத்துக்கான ஒத்திகையும் அதே நாள். இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம் என்பதைப் பின்னாளில் பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். தொடக்கப்பள்ளி இரண்டாம் வகுப்பில் இருந்த எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், அதைவிடச் சிறந்த நாள் ஒன்று இருக்கவே முடியாது என்பதுதான். வீட்டில் மற்றவர்கள் துக்கத்தில் இருந்தார்கள் என்பது என் கணக்கில் வரவில்லை.

துக்கம் சூரனுக்காக. சூரன் எங்கள் நாய். பெயரைக் கேட்டுப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க அனுமதி உள்ள சிறிய வகை. பஞ்சு மூட்டைக்கு மூக்கு வைத்தது போல் இருப்பான். எங்கள் புளோக்குக்கு, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்துக்கு, கீழே பூனையைப் பார்த்துவிட்டால் சித்தப்பாவின் கால்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து வீரமாகக் குரைப்பான்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, எங்களோடு புக்கிட் பாஞ்சாங் வீட்டிலேயே இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்கு வேன் ஓட்டினார். நான் பிறப்பதற்கு முன்பே சூரனை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த வகையில் சூரன் எனக்கு மூத்தவன். வேனில் ஜன்னலோர இடம் எப்போதும் அவனுக்குத்தான். அதற்காக நான் எத்தனையோ முறை அழுதிருக்கிறேன், ஒருமுறை கடித்தும் இருக்கிறேன். அவன் என்னைக் கடித்ததில்லை.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், அம்மாவின் காலடியில், முதுமையால் செத்துப்போனான். சித்தப்பா அப்போது சரக்கு இறக்க ஜூரோங் பக்கம் போயிருந்தார். வந்தார், பார்த்தார், அவனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

அமாவாசை அன்று அம்மா வழக்கம்போல் என் தாத்தா பாட்டிக்குப் படையல் போட்டார். சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பாயசம், வடை. சாம்பிராணி போடும் நேரத்தில் சித்தப்பா ஒரு சின்ன வாழை இலையோடு வந்து பெரிய இலைக்குப் பக்கத்தில் விரித்தார். அதில் தயிர்ச்சோறு, பிராட்டா எனப்படும் பரோட்டாவின் மொறுமொறு ஓரங்கள், இரண்டு மேரி பிஸ்கட். இன்னொரு கையில் பொரித்த நெத்திலிக் கிண்ணம்.

“இது யாருக்கு?” என்று கேட்டார் அப்பா. கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

“அவனுக்கும் ஒரு வாய் வைப்போம்ணே.”

“நாய்க்குப் படையலா? அதுவும் அப்பா அம்மாவுக்குப் பக்கத்துலயா?”

“அப்பா அவனை மடியிலதான வச்சிருந்தாரு. இப்ப மட்டும் கோவிச்சுக்குவாரா?”

அம்மாவுக்கு வேறு கவலை. “தம்பி, வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க. சரி, வைங்க. ஆனா அந்த நெத்திலி மட்டும் வேணாம். அவனுக்குப் பிடிக்கும்னு எனக்கும் தெரியும். இன்னைக்கு சைவம்.”

அடுத்தது காகம். காகம் வந்து எடுத்தால்தான் இறந்தவர்கள் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. “காக்கா எடுத்துட்டா ஆத்மா திருப்தியா கிளம்பிடும்” என்று அம்மா ஒவ்வோர் அமாவாசைக்கும் எங்களுக்குச் சொல்வார். சிங்கப்பூரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பறவைகளுக்குத் தீனி போடுவது குற்றம். எங்கள் புளோக்குக்குக் கீழேயே நான்கு மொழிகளில் பலகை வைத்திருந்தார்கள். அதனால் அமாவாசை தோறும் அப்பா கீழே போய், மழைமரத்தடியில் சோற்றை வைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் கைபேசியில் யாரிடமோ பேசுவார். மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அன்றும் அப்படித்தான். சித்தப்பாவும் சூரனின் இலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், நானும் கூடப் போனேன். தாத்தா பாட்டியின் சோற்று உருண்டையை ஒரு காகம் உடனே வந்து தின்றது. தின்றுவிட்டுச் சூரனின் இலையை நோக்கி இரண்டு தத்து தத்தியது. சித்தப்பா சட்டென்று எழுந்து கையை வீசினார். “ஏய், போ!”

அப்பா, மறுமுனையே இல்லாத தன் பேச்சை நிறுத்தினார். “வந்துச்சுலா, ஏன்டா விரட்டுறே?”

“அது அப்பாவுக்கு வந்த காக்கா. இவனுக்குத் தனியா வரட்டும்.”

தனியாக ஒன்றும் வரவில்லை. சித்தப்பா இலையை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். “எடுக்காம நான் சாப்பிட மாட்டேன். வேற இடம் பாக்குறேன்” என்று வேன் சாவியை எடுத்தார். அம்மா ஏதோ முணுமுணுத்தபடி இலையிலிருந்ததை டிபன் டப்பாவில் மாற்றி, இலையையும் சேர்த்துக் கொடுத்தார். உயர்நிலைப் பள்ளியில் படித்த என் அக்காவிடம், “நீயும் கூடப் போ” என்றார். நான் யாரும் சொல்லாமலே செருப்பை மாட்டிவிட்டேன்.

காகம் தேடி சிங்கப்பூரைச் சுற்றப் போகிறோம்! அதைவிட முக்கியம், ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. ஏறி உட்கார்ந்ததும், “இனிமே இது என் இடம்!” என்று கூவினேன். இருக்கை முழுக்க வெள்ளை முடி. தட்டிவிடப் போனேன். சித்தப்பா, “பரவாயில்ல குட்டி, அப்படியே உக்காரு” என்றார்.

முதலில் கிளமெண்டி. அங்கே ஓர் உணவங்காடிக்குப் பின்னால் காகங்கள் அதிகம் என்பது சித்தப்பாவின் தகவல். உண்மைதான். ஒரு துண்டு பிராட்டாவைச் சுவரில் வைத்ததும் கொழுத்த காகம் ஒன்று வந்து இறங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா அதை மேலும் கீழும் பார்த்தார்.

“இவ்ளோ குண்டா இருக்கு. டாக்டர் சொல்லி சூரன் டயட்ல இருந்தான் தெரியுமா? இது சரிப்படாது.” கையைத் தட்டினார். காகம் போய்விட்டது.

பெண் பார்க்கப் போன இடத்தில் குறை சொல்வதுபோல் அவர் காகங்களைத் தள்ளினார். ஒன்றுக்குப் பார்வை சரியில்லை. ஒன்று ரொம்பத் திமிராக நடந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நானும் சேர்ந்து குறை கண்டுபிடித்தேன். அக்கா மட்டும் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் புக்கிட் தீமா சாலையில் போகும்போது அம்மா கைபேசியில் அழைத்தார், சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டார். “எடுத்துச்சா?”

“இல்ல அண்ணி. தேக்காவுல பாக்குறேன். நீங்க சாப்பிடுங்க.”

“நீங்க பாருங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

தேக்காவில், சித்தப்பாவின் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்திருந்த ஓர் அண்ணன் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மூட்டையைப் போட்டுவிட்டார்.

“இவ்ளோதானாண்ணே? கூப்பிட்டா வரும்ணே. எங்க வீட்டுல நான்தான் கூப்பிடுவேன்.”

வாயில் கையைக் குவித்து அவர் காகம்போல் கரைந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. முதலில் மைனாக்கள் வந்தன, புறாக்கள் வந்தன, என்னவோ ஏதோ என்று பக்கத்துப் பூக்கடைக்கார அக்காவும் வந்தார். கடைசியில் மின்கம்பியே இல்லாத அந்த ஊரில் எங்கிருந்தோ நிஜமான காகம் ஒன்று வந்து, குப்பைத் தொட்டி மேல் இறங்கி, பிராட்டாவுக்கு அருகில் தலையைச் சாய்த்தது. இதோ! அந்த நொடியில் சித்தப்பாவின் கையிலிருந்த சாவிக்கொத்து தரையில் விழுந்தது. காகம் பறந்தது.

“அண்ணே! கைக்கு வந்துச்சேண்ணே!” என்று அந்த அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நழுவிடுச்சுப்பா” என்றார் சித்தப்பா.

கவனமே இல்லாத மனிதர் என்று எனக்கு உள்ளூர எரிச்சல். ஆனால் காகம் எடுக்காதவரை ஊர்வலம் தொடரும் என்பதால் வெளியே காட்டவில்லை. அம்மா மறுபடி அழைத்தார். இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது. “தம்பி, இங்க யாரும் இன்னும் இலை போடல. உங்க அண்ணனும் சாப்பிடல. மெதுவாவே வாங்க.”

காத்தோங்கைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. தூரத்தில் தேசிய தின ஒத்திகைக்காக ஹெலிகாப்டர் ஒன்று மாபெரும் தேசியக் கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது. நான் மணலில் ஓடி ஓடிக் கையசைத்தேன். பிறகு போர் விமானங்கள் வானத்தைக் கிழித்தன. மரங்களில் இருந்த காகங்கள் எல்லாம் ஒரே கூச்சலாகக் கிளம்பி, வட்டமடித்து, மெல்ல மெல்ல மறுபடி வந்து உட்கார்ந்தன. இத்தனை காகங்களை ஒன்றாக நான் பார்த்ததே இல்லை.

அக்கா டப்பாவை முழுவதுமாக இலையில் கவிழ்த்தாள். தயிர்ச்சோற்றுக்கு அடியிலிருந்து பொரித்த நெத்திலி ஒரு கைப்பிடி விழுந்தது.

“நான் வைக்கலையே” என்றார் சித்தப்பா.

“அம்மா!” என்று நான் கத்தினேன். “அம்மா மறந்துட்டாங்க! இன்னைக்கு சைவம்! அம்மா மாட்டிக்கிட்டாங்க!”

யாரும் சிரிக்கவில்லை. மூவரும் மணலில் உட்கார்ந்தோம். நெத்திலி வாசனைக்கு ஒரு காகம் இறங்கியது. குண்டும் இல்லை, திமிரும் இல்லை, குறை சொல்ல ஒன்றுமே இல்லாத காகம். தத்தித் தத்தி இலையோரம் வந்தது. சித்தப்பாவின் வலது கை மெல்ல உயர்ந்தது.

அக்கா அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். “போதும் சித்தப்பா” என்றாள். “அவன் சாப்பிடட்டும்.”

காகம் ஒரு நெத்திலியைக் கொத்தியது. இன்னொன்று. பிறகு மொறுமொறு ஓரம் ஒன்றை அலகில் தூக்கிக்கொண்டு கடல் பக்கமாகப் பறந்தது.

“எடுத்துருச்சு! எடுத்துருச்சு!” நான் துள்ளினேன். சித்தப்பாவின் கைபேசியைப் பிடுங்கி அம்மாவை அழைத்துச் செய்தி சொன்னேன். “சரி, வாங்க. சாம்பாரைச் சுட வைக்கிறேன்” என்றார்.

திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் எழுந்திருக்கவே இல்லை. அக்கா இன்னும் கையை விடவில்லை. அவள் கன்னம் நனைந்திருந்தது. பசி தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் அப்போதுதான் பசி நினைவுக்கு வந்து, கோபமும் வந்தது.

“கையைப் பிடிச்சுக்கிட்டா காக்கா எடுத்துரும்னு உனக்கு முன்னாடியே தெரியாதாக்கா? இதை புக்கிட் பாஞ்சாங்லயே செஞ்சிருந்தா அப்பவே சாப்பிட்டிருக்கலாம்லா!”

சித்தப்பா என்னைப் பார்த்தார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். “ஆமா குட்டி. அப்பவே செஞ்சிருக்கலாம்” என்றார்.

சித்தப்பாவுக்கு ஓரிடத்தில் அசையாமல் உட்காரத் தெரியாததுதான் அன்றைய பிரச்சினை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இவ்வளவு சுலபமான காரியத்துக்கு, இவ்வளவு வளர்ந்த ஒருவர் தீவு முழுவதும் அலைந்திருக்கிறாரே என்று வீடு வந்து சேரும்வரை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.