மச்சான் ஏற்றிய சாக்கு

சுனாமிக்கு அடுத்த வருடம் நடந்தது இது. மரக்காணம் உப்பளத்தில் வேலை முடித்துக் கிளம்பிய என் பைக்கில், மனைவியின் தம்பி ஒரு சாக்கோடு ஏறிக்கொண்டான். கேட்டதற்கு, "கருவாடு மாமா" என்றான்.

அனுமந்தை அருகே வனத்துறையினர் மறித்தார்கள். சாக்கை அவிழ்க்கச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க என்ன போலீஸா? வாரண்ட் இருக்குதா?" என்று கத்தினேன்.

"சந்தேகம் வந்தா வாரண்ட் இல்லாமலே வண்டிய நிறுத்தலாம், சோதிக்கலாம், ஆளையும் புடிக்கலாம். சட்டம் தெரியாம பேசாத" என்றார் வனவர்.

சாக்குக்குள் கழுத்து திருகிய காட்டு வாத்துகள் கிடந்தன. மச்சான் கூசாமல் சொன்னான்: "சாக்கு மாமாவோடதுங்க. நான் சும்மா லிஃப்ட் கேட்டு வந்தேன்."

வனவர் எங்கள் இருவரையும் சோதித்தார். அவன் சட்டைக்குள் இடுப்பில் சுற்றியிருந்த கண்ணி வலை வெளியே வந்தது. வாத்து பிடித்தது அவன்தான் என்று தெரிந்து அவனைக் கைது செய்தார்கள். எந்த அதிகாரத்தை எதிர்த்துக் கத்தினேனோ, அதுதான் என்னை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றியது. பைக்கை மட்டும் பறிமுதல் செய்துவிட்டார்கள். கோர்ட்டுக்கு அலைந்துதான் மீட்டேன்.

இப்போது யார் சாக்கு கொடுத்தாலும் அவிழ்த்துப் பார்க்காமல் ஏற்றுவதில்லை. மச்சானை வாசல்படி ஏறவும் விடுவதில்லை. "அவன் என் தம்பிதானே" என்கிறாள் மனைவி. "அவனுக்கு நான் யாராம்?" என்று நான் கேட்கிறேன்.