கதை சொன்னவருக்கும் ஒரு கதிரை

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் அண்ணனைத் தெரியும். வத்தேகம பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புத்தகக் கடை வைத்திருந்தவர், வருடந்தோறும் மாணவர்களுக்கு வரலாற்றுப் போட்டி நடத்தியவர். அவரைப் புகழ்ந்து எழுதினால் அவருக்கே பிடிக்காது. "ஆதாரம் எங்க?" என்று கேட்பார். ஆகவே நான் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் வத்தேகமவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் எனும் வரிசை வீடொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து பறித்தார். நான் கடைக்குட்டித் தங்கை. கடையில் சாமான் சுற்றிக் கொடுக்கும் பழைய பத்திரிகைகளை அண்ணன் நீவி விரித்து, லயம் முழுவதற்கும் கேட்கும்படி சத்தமாக வாசிப்பார். பேச்சு அவருக்கு அப்படித்தான் வசப்பட்டது. பக்கத்து வீட்டார் சில வேளை, "தம்பி, போதும்பா, தூங்கணும்" என்று கெஞ்சியதும் உண்டு.

அவர் பாடசாலையில் படிக்கும்போது, 'நற்பிரஜையின் கடமைகள்' என்ற தலைப்பில் கண்டியில் ஒரு பேச்சுப் போட்டி நடந்தது. அண்ணன் முதலாவதாக வந்தார். பரிசளிப்புக்கு அப்பா, அண்ணன், நான் மூவரும் போனோம். அம்மா அண்ணனின் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்திருந்தார். மேடையேறும் நேரத்தில் ஓர் அதிகாரி வந்து பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கேட்டார். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது கிடையாது. இந்த மண்ணிலேயே பிறந்தும் எந்த நாட்டையும் சேராதவர்களாக இருந்தோம். அப்பா விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். அதைச் சொன்னார். பத்திரம் இல்லாமல் பரிசு கொடுக்க முடியாது என்று அதிகாரி மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. இரண்டாவதாக வந்த பையனை அழைத்து அவனிடம் பரிசுக் கப்பைக் கொடுத்தார்கள்.

அன்று என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் அண்ணன் ஒரே பதில்தான் சொல்வார்: "போனோம், பணிஸ் சாப்பிட்டோம், வந்துட்டோம்." கலியாணமாகி வந்த அண்ணிக்கும் இந்தப் பணிஸ் ரொட்டிக் கதைதான் கிடைத்தது. வாய் வலிக்கச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பின்னர் எங்களுக்கும் பிரஜாவுரிமை வந்தது. அண்ணன் பிலிமத்தலாவையில் ஒரு கடையில் நெடுங்காலம் விற்பனையாளராக நின்று உழைத்து, பிறகு வத்தேகமவில் சொந்தக் கடை திறந்தார். நல்ல கணவராக, இரண்டு பிள்ளைகளுக்கு நல்ல தகப்பனாக வாழ்ந்தார். எங்கள் பெற்றோரைக் கடைசி வரை வைத்துப் பார்த்தார். கோபக்காரர்தான், ஆனால் கோபம் மாலைக்குள் தணிந்துவிடும். கடை நிலைபெற்றதும் ஆலய மண்டபத்தில் அந்த வரலாற்றுப் போட்டியைத் தொடங்கினார். "வருஷத்துல ஒரு மாசம் இவரு கடைக்காரரு இல்ல, தலைமை ஆசிரியரு" என்று அண்ணி கேலி செய்வார்.

எந்தப் பாடசாலைப் பிள்ளையும் வரலாம், தமிழிலோ சிங்களத்திலோ பேசலாம். தன் ஊரில் உள்ள ஒரு பொருளின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். வாசலில் எந்தப் பத்திரமும் கேட்கக் கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பான உத்தரவு. அதனால் ஒரு முறை மீசை வைத்த டியூஷன் மாஸ்டர் ஒருவர் மாணவர் வரிசையில் நின்றுவிட்டார். அண்ணன் அவரையும் பேச விட்டார். "பேசட்டும், பரிசு மட்டும் கிடையாது" என்றார். தன் சனத்தை விட்டு அடுத்த சனத்தின் கதையைத் தேடிக் கேட்டுச் சொல்லும் பிள்ளைக்கு நற்பிரஜை விருது என்று தனியாக ஒன்று இருந்தது.

அவருடைய இன்னொரு சட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தனக்குக் கதையைச் சொன்னவரைப் பிள்ளை கையோடு கூட்டி வர வேண்டும். அவருக்கு மேடையில் ஒரு கதிரை. நடுவர் சந்தேகம் கேட்டால் அவர் தலையாட்டி உறுதிப்படுத்த வேண்டும். இல்லையென்றால் மார்க் குறையும்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு நடந்த போட்டிதான் அவர் நடத்திய கடைசிப் போட்டி. வைத்தியசாலையில் இருந்து நேரே வந்து நடுவர் கதிரையில் அமர்ந்தார். தர்ஷினி என்ற மாணவி மேடையேறினாள். அவளுடைய அப்பா அக்குறணையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவர். அந்தக் கடையின் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் ஒரு கப்தான் அவள் எடுத்த பொருள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கடை முதலாளியான ஹாஜியாரையே கூட்டி வந்திருந்தாள்.

"இந்தக் கப்பை ஹாஜியார் சிறுவயதில் மேடையில் வாங்கினார். ஆனால் இதை வென்றவர் அவர் இல்லை" என்று தொடங்கினாள். நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், பத்திரம் கேட்ட அதிகாரி, எல்லாம் வந்தது. "அந்த அண்ணா கதவருகே நின்று அழுதார். அதனால்தான் ஹாஜியார் ஒரு நாளும் இதைத் தன்னுடையது என்று சொன்னதில்லை" என்று முடித்தாள். பையனின் பெயர் அவளுக்கும் தெரியாது, ஹாஜியாருக்கும் தெரியாது.

அண்ணன் பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஆதாரம் கேட்கும் பழக்கம் விடவில்லை.

"நல்லா பேசினீங்க மகள். ஆனா அந்தப் பையன் அழுதான்னு சொன்னீங்களே, அது உறுதியா?"

ஹாஜியார் முந்திக்கொண்டார். "நான் என்ட கண்ணால கண்ட சேர். கப்ப எடுத்துக்கிட்டு எறங்கி வாறன், அவரு கதவடியில நின்டு அழுறாரு."

"இல்லீங்க, அவன் அழல."

"நீங்க எப்பிடி சேர் அப்பிடிச் செல்ற?"

"அந்தப் பையன் நான்தான்."

ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். தர்ஷினிக்கோ மார்க் போய்விடுமே என்ற கவலை, முகம் சுருங்கி நின்றாள். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு சாட்சி இருக்கு. தங்கச்சி, நீயும்தானே வந்த? எந்திரிச்சுச் சொல்லு. நான் அழுதேனா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் காப்பாற்றுவேன் என்று நம்பினார். அத்தனை காலமும் அந்தப் பணிஸ் கதையை நான் மறுத்ததே இல்லை. அவருடைய வைராக்கியத்தை ஊர் பார்க்க உடைப்பதா? ஆனால் மேடையில் அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அழுதீங்க அண்ணே. பஸ்ஸிலயும் அழுதீங்க. என்னய மடியில தூக்கி வச்சு, என் தலைக்குப் பின்னால மொகத்த மறைச்சிக்கிட்டீங்க. என் முடியெல்லாம் நனஞ்சிருச்சு."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மைக்கை எடுத்தார். "சாட்சி ரெண்டு பேரு. நான் ஒருத்தன். மகள் சொன்னதுதான் சரி." அவளுக்கு முழு மார்க்கையும் போட்டுவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் முகத்தை மறைக்காமல் அழுதார். ஹாஜியார் இறங்கி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி மன்றாடினார். "அது ஒங்க கடையிலயே இருக்கட்டும். இந்தப் பிள்ள சொன்னத பக்கத்துல எழுதி வச்சா போதும்" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு பணிஸ் கதை நின்றது. வைத்தியசாலைத் தாதியரிடமும், பார்க்க வந்த உறவினரிடமும் நடந்ததை நடந்தபடியே சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் லேசானதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு காலைப் பொழுதில், அண்ணியும் பிள்ளைகளும் நானும் செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அமைதியாகக் கண்ணை மூடினார்.

அவரைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கடைசி அருளடையாளம் தந்து அடக்கச் சடங்கை நடத்திய பங்குச் சுவாமிக்கும், கடைகளைச் சாத்திவிட்டு ஊர்வலத்தில் நடந்த வத்தேகம வியாபாரிகளுக்கும், பந்தல் போட்டுத் தேநீர் ஊற்றிய அயலவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. துக்க வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் சாப்பாடு அனுப்பிவிட்டு, கல்லறை வரை கூடவே வந்த ஹாஜியாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

போட்டியை அண்ணனின் பிள்ளைகள் இந்த வருடமும் நடத்துகிறார்கள். போன வாரம் மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். கதை சொன்னவர்கள் உட்காரும் அந்த மேடைக் கதிரையின் வரலாற்றைத்தான் பேசப் போகிறானாம். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, கடைசியில் தயங்கித் தயங்கி, "ஐயா அழுதத சொல்லலாமா ஆன்ட்டி?" என்று கேட்டான்.

"சொல்லு தம்பி. நான் வந்து அந்தக் கதிரையில உக்காந்து தலையாட்டுறேன்" என்றேன்.