தலைகீழாக நின்ற டிராப் ஆர்ம்

சுவேதாவுக்கு அந்தப் பேச்சு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

“இந்த வண்டில யார் யாரு ஒக்காரப் போறது?” என்றுதான் மெக்கானிக் ஞானசேகரன் முதலில் கேட்டார்.

“நானும் என் தங்கச்சியும்” என்றான் அவள் அண்ணன் அரவிந்தன்.

“தங்கச்சிக்கு ஓட்டத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் சுவேதா.

“அப்போ நீ சொல்லும்மா. முன்பக்கம் இன்னாத்துக்குத் தரையில படுக்கணும்? வண்டிக்கு இன்னா வயித்து வலியா?”

சுவேதாவுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“பழைய வண்டிய வெட்டிச் செய்யற ஹாட் ராட்னா இப்படித்தான்ணே” என்று அரவிந்தன் கைப்பேசியை நீட்டினான். “எஞ்சின் வெளியே தெரியணும், மூக்கு தரையத் தொடணும்.”

ஞானசேகரன் படத்தைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். “திருவேற்காட்லர்ந்து வானகரம் வரிக்கும் எத்தினி ஸ்பீட் பிரேக்கர் கீதுன்னு எண்ணிகினு வா நைனா. அப்பால பேசலாம்.”

அரவிந்தன் எண்ணவில்லை. பழைய ஜீப்பின் அடிச்சட்டமான சேசிஸையும் அதன்மேல் ஏற்றிய வெட்டுப்பட்ட கார் கூட்டையும் அவருடைய ஷெட்டில் இறக்கிவிட்டு வந்தான்.

ஞானசேகரன் நெமிலிச்சேரிக்காரர். பெற்றவர்கள் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பதினெட்டு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின், பிறகு பூந்தமல்லியில் லாரி பட்டறை, அதன் பிறகு இந்தச் சொந்த ஷெட். கோபம் எல்லா இடத்துக்கும் கூடவே போனது. ஹாரன் மேல் கோபம், டூப்ளிகேட் பேரிங் மேல் கோபம், டீயில் சர்க்கரை குறைந்தால் கோபம். இவையெல்லாம் மதியத்துக்குள் தணிந்துவிடும். தணியாதது ஒன்றுதான்: நல்ல நேரம் பார்ப்பதன் மேல் உள்ள கோபம்.

சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதோடு அவருக்குச் சண்டை இல்லை. கடிகாரத்தோடுதான் சண்டை. எட்டு வருடங்களுக்கு முன்பு பக்தவத்சலம் என்பவரின் ஷேர் வேனுக்கு, முன்சக்கரங்களை இணைத்துத் திருப்பும் டை ராடு மாற்றினார். கடைசியில், நட்டு கழலாமல் முனையில் செருகும் பின் கையிருப்பில் இல்லை. ராகு காலம் வந்துவிடும் என்று பக்தவத்சலம் குதித்தார். ஞானசேகரன் கட்டுக்கம்பியைச் சுற்றி, “பூஜ போட்டுட்டு நேரா இங்க வா” என்று அனுப்பினார். அவர் வரவில்லை. மூன்றாம் நாள் வானகரத்தில் கம்பி அறுந்து வேன் நடுச்சுவரில் ஏறியது. பக்தவத்சலத்தின் முட்டி இன்றுவரை மடங்குவதில்லை. ஷெட்டைக் கடக்கும்போதெல்லாம் நொண்டிக்கொண்டே கைதூக்கிச் சிரிப்பார். “அவன் என்னிய அசிங்கமாத் திட்டிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்” என்பார் ஞானசேகரன்.

ஹாட் ராடின் ஸ்பிரிங் பட்டைகளைத் தட்டையாக்கியதும் முன்பக்கம் நான்கு விரல் இறங்கியது. ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து கீழே தொங்கிச் சக்கரங்களைத் தள்ளும் டிராப் ஆர்ம் கிட்டத்தட்ட ரோட்டைத் தொட்டது. பட்டையை இரண்டு விரல் உயர்த்தலாம் என்றார் ஞானசேகரன். அரவிந்தனோ, பாக்ஸைத் தலைகீழாக மாட்டினால் ஆர்ம் மேலே போய்விடுமே என்று நான்கு நாள் போன் செய்தான். வியாழக்கிழமை, “உங்களுக்குப் புதுசா எதுவுமே தெரியாதாண்ணே?” என்று கேட்டுவிட்டான். ஞானசேகரன் போனை வீசிவிட்டு, பாக்ஸைத் திருப்பிப் போட்டு, பற்களைக் கடித்துக்கொண்டே நான்கு போல்ட்டையும் முடுக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை, கோயிலில் வண்டிக்குப் பூஜை போட மாலையும் நான்கு எலுமிச்சம்பழங்களும் வந்தன. சுவேதா ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஸ்டீரிங்கை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். முன்சக்கரங்கள் வலப்பக்கம் திரும்பின. மறுபடி திருப்பினாள். மறுபடியும் அதே.

“அண்ணே” என்றாள் ஞானசேகரனிடம் மெதுவாக.

ஞானசேகரன் குனிந்து பார்த்தார். கீழே தொங்க வேண்டிய ஆர்ம் மேலே நின்றால் தள்ள வேண்டியது இழுக்கும், இழுக்க வேண்டியது தள்ளும். முதலாம் ஆண்டு எடுபிடிக்கும் தெரிந்த விஷயம்.

அரவிந்தன் மணி பார்த்தான். “கோயில் ஒன்றரை கிலோமீட்டர்தானே? நான் மாத்தித் திருப்பிக்கிறேன். கேம்லயே நான் இன்வர்ட், அதான் தலைகீழ் கன்ட்ரோல், வச்சுத்தான் ஆடுவேன்.”

“எதுக்கால மாடு வருமே, அதுங்கிட்ட சொல்லிவச்சிகீறியா, நான் இன்வர்ட்டுன்னு?”

“பத்தரைக்கு ராகு காலம்ணே! அம்மா கோயில்ல காத்துக்கிட்டு இருக்காங்க.”

“தப்பு என்னுது. கோவத்துல மாட்டிட்டேன்.” குரல் ஷெட்டின் தகரத்தில் மோதித் திரும்பியது. “என் தப்ப நீ ரோட்ல ஓட்டுவியா? போடா அந்தாண்ட!”

இறுகியதை இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டி, நெற்றி நரம்பு புடைக்க முறுக்கி, டிராப் ஆர்மைக் கழற்றினார். இனி ஸ்டீரிங் வெறுமனே சுற்றும்; சக்கரம் திரும்பாது, வண்டியை ஓட்ட முடியாது.

“அம்மாவையே பேசச் சொல்றேன்” என்று அரவிந்தன் போனோடு வெளியே போனான்.

ஞானசேகரன் கிரீஸ் வழிந்த இரும்பைக் கழிவுத்துணியில் சுற்றினார். சுவேதாவிடம் வந்து நீட்டினார்.

“உன் பைல வெச்சிக்கம்மா. பட்டைய ஒசத்தி, பாக்ஸ நேரா மாட்டுற வரிக்கும் யாருக்கும் குடுக்காத.” வாசலைத் திரும்பிப் பார்த்தார். “உங்கம்மா போன்ல அழுவாங்க, நான் எளகிடுவேன். நானே வந்து கேட்டாலும் குடுக்காத.”